வள்ளல் அழகப்பருக்குத் தேக்காவிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய வள்ளல் அழகப்பச் செட்டியார் அவர்களுக்கு,



சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. சொந்த ஊர் காரைக்குடி. நீங்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், ஊர் வழக்கில் சொன்னால் சிக்ரியில், பொறியியல் படித்தேன். இப்போது இங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை. தொழிற்சாலைகள் வாங்கிப் பயன்படுத்தும் அமிலங்களில் பாதரசம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருக்கும். அவற்றை மின்சாரத்தைக் கொண்டு பிரித்தெடுக்கும் வழிகளைத் தேடுகிறோம்.

1957 ஏப்ரல் 5-ஆம் தேதி நீங்கள் மறைந்தபோது நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது. என் பெற்றோர் அப்போது குழந்தைகள். நேரில் கண்டிராத ஒருவருக்கு எழுதும் மடல் இது. உங்களுக்கு விழா எடுப்பவர்கள் கல்வி வள்ளல் என்று வாழ்த்துகிறார்கள், கல்லூரிகளின் பட்டியலை வாசிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சிக்ரி ஒரு வரியாக வந்து போய்விடும். அந்த ஒரு வரியில் பிழைப்பவள் நான். அதனால்தான் தனியாக நன்றி சொல்லத் தோன்றியது.

1947 ஜூலை 3-ஆம் தேதி, சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பணம் படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசினார். கூட்டத்திலிருந்து எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றீர்கள். அடுத்த மாதமே கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது. அதற்கு மறு ஆண்டு நீங்கள் செய்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நாடு முழுக்கத் தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்க விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. மின்வேதியியலுக்கென ஒரு கூடம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தீர்கள். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கல் வேளையில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

என்னை யோசிக்க வைப்பது தொகையின் பெருமை மட்டும் அன்று. கல்லூரி கட்டினால் பிள்ளைகள் படித்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். கோயில் கட்டினால் கோபுரம் தெரியும். 1948-இல், வானம் பார்த்த அந்தச் சீமையில், மின்வேதியியல் என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், மலாயாவில் ரப்பர்த் தோட்டமும் கேரளத்தில் நூற்பாலையும் வைத்திருந்தவர் நீங்கள். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. திரும்புமா, எந்த உருவில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு துறைக்குத் தெரிந்தே கொடுத்தீர்கள். அது எந்த உருவில் திரும்பியிருக்கிறது என்று உங்களிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதுதான் நான் காட்டக்கூடிய நன்றி.

ஒரு பீப்பாய் கந்தக அமிலத்திலிருந்து தொடங்குகிறேன். உலகில் மிக அதிகமாகத் தயாராகும் இரசாயனங்களில் ஒன்று அது. பெரும்பகுதி உரம் செய்யப் போகிறது. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1906-லேயே உர ஆலை தொடங்கிய நாளிலிருந்து நம் வயல்களுக்கும் அந்த அமிலத்துக்கும் உறவு உண்டு. கந்தகத்தை எரித்து அமிலம் செய்வது ஒரு வழி. துத்தநாகம், செம்பு உருக்கும் ஆலைகளில் வெளிவரும் கந்தகப் புகையைப் பிடித்து அமிலமாக்குவது இன்னொரு வழி. புகையைக் காற்றில் விடாமல் பயன்படுத்துவது நல்ல காரியம். சிக்கல் என்னவென்றால், தாதுவில் ஒளிந்திருக்கும் பாதரசமும் சூட்டில் ஆவியாகிப் புகையோடு சேர்ந்து வந்துவிடும். புகையைக் கழுவி வடிகட்டினாலும் கொஞ்சம் தப்பி அமிலத்தில் தங்கும்.

எவ்வளவு தங்கும்? ஒரு கிலோ அமிலத்தில் ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், இருபது லட்சம் அமில மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரே ஒரு பாதரச அணு. இவ்வளவுதானே என்று விட முடியாது. ஆயிரம் டன் அமிலம் விற்றால் ஒரு கிலோ பாதரசமும் சேர்ந்தே ஊருக்குள் போகிறது. நல்ல தரமான அமிலத்தில் கிலோவுக்கு 0.30 மில்லிகிராமுக்கும், மிகத் தூய்மையானதில் 0.08 மில்லிகிராமுக்கும் கீழே பாதரசம் இருக்க வேண்டும் என்று தொழில்துறை எதிர்பார்க்கிறது.

அந்த ஒற்றை அணுவை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் மின்வேதியியல் வருகிறது. சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் துன்சு, பியோர்ன் விக்மன் என்ற இருவர் 2018-இல் ஒரு வழி காட்டினார்கள். மிக மெல்லிய பிளாட்டினப் பூச்சுள்ள மின்முனையைப் பாதரசம் கலந்த நீரில் இறக்கி, அளவான மின்னழுத்தம் கொடுத்தால், கரைசலில் உள்ள பாதரச அயனிகள் பிளாட்டினத்தோடு சேர்ந்து உறுதியான உலோகக்கலவை ஆகின்றன. ஒரு பிளாட்டின அணு நான்கு பாதரச அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 100 நானோமீட்டர் தடிமன் கொண்ட பூச்சு முழுதும் கலவையாக மாறி 750 நானோமீட்டர் ஆனதை அவர்கள் அளந்து காட்டினார்கள். எடையில் சொன்னால், ஒரு கிராம் பிளாட்டினம் நான்கு கிராமுக்குச் சற்று மேலான பாதரசத்தை வாங்கிக்கொள்கிறது. மின்னோட்டத்தைத் திருப்பி விட்டால் பாதரசம் கழன்று சிறிதளவு கரைசலில் வந்து சேரும். மின்முனையை மறுபடி பயன்படுத்தலாம். அதே குழுவினர் 2023-இல் அடர் கந்தக அமிலத்திலும் இது நடக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

இதில் அழகு என்ன தெரியுமா ஐயா? வழக்கமான முறையில், நச்சை எடுக்க இன்னொரு இரசாயனத்தைக் கொட்டுவோம். அது சேறாகப் படியும். அந்தச் சேற்றை எங்கே புதைப்பது என்று அடுத்த தலைவலி தொடங்கும். மின்முனை முறையில் அமிலத்தில் எதையும் சேர்ப்பதில்லை. அமிலம் அமிலமாகவே இருக்கும், பாதரசம் தனியாக வந்துவிடும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மேசை முன்னால் நின்றால்தான் பாடு தெரியும். அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிட இருபது மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. அதற்குள் ஒரு பாதரச அயனி நகர்ந்து மின்முனையை அடைவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே கரைசலைக் கலக்க வேண்டும், அல்லது மின்முனையைச் சுழற்ற வேண்டும், அல்லது வலைபோல் செய்து அமிலத்தை அதனூடே ஓட்ட வேண்டும். மின்னழுத்தத்தைச் சற்று அதிகம் வைத்தாலோ, பாதரசத்தை விட்டுவிட்டு அமிலத்தையே சிதைக்கத் தொடங்கிவிடும். சரியான இடத்தில் வைத்துக் காத்திருந்தால், கண்ணாடிபோல் பளபளத்த பிளாட்டினம் மெல்ல மங்கிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். வேலை நடக்கிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரே சாட்சி அந்த மங்கல்தான்.

அளந்து பார்ப்பது அதைவிடக் கடினம். பாதரசத்துக்கு எதிலும் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பிளாஸ்டிக் புட்டியில் வைத்தால் சுவருக்குள் ஊறிவிடும். அளக்கும் கருவியின் குழாயில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் சுத்தமான மாதிரியிலும் பாதரசம் இருப்பதாகப் பொய் சொல்ல வைக்கும். அதை விரட்டுவதற்குக் கழுவும் கரைசலில் துளி தங்கம் கரைத்துச் சேர்ப்போம். தங்கம் பாதரசத்தைக் கரைசலிலேயே நிறுத்திக் குழாயை விட்டு வெளியே கொண்டுபோகும். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் சவரன் விலை கேட்டுவிட்டு வந்த மறுநாள், ஆய்வகத்தில் தங்கக் கரைசலைக் கழிவுப் புட்டியில் ஊற்றும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். போகட்டும், அந்தக் கடைகளின் தங்கத்துக்கும் எங்கள் துறைக்கும் பழைய சொந்தம் உண்டு. தங்கத்தை மின்னாற்பகுப்பால் 99.99 விழுக்காட்டுக்குச் சுத்தப்படுத்தும் முறையை எமில் வோல்வில் ஹாம்பர்க்கில் 1874-லேயே கண்டுபிடித்துவிட்டார்.

நன்றி சொல்ல வந்த இடத்தில் எங்கள் துறையின் பழைய பாவத்தையும் மறைக்கக் கூடாது. உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது மின்வேதியியலின் பெரிய தொழில். 1890-களிலிருந்து நூறு ஆண்டுக்கும் மேலாக, அதற்குப் பல நாடுகளில் ஓடும் பாதரசத்தையே மின்முனையாக வைத்தார்கள். செய்த சோடாவிலும் வெளியே போன சேற்றிலும் பாதரசம் கசிந்தது. இரசாயனத்துக்குள் நச்சு உலோகத்தைக் கலந்துவிட்டதில் எங்கள் முன்னோர்களுக்கும் பங்கு உண்டு. பிறகு அதை மாற்றியதும் மின்வேதியியலாளர்களே. நடுவில் ஒரு சவ்வை வைத்துப் பாதரசமே இல்லாமல் செய்யும் கலங்கள் வந்தன. சோடா ஆலைகளில் தேய்ந்துபோகும் கிராஃபைட் முனைகளுக்குப் பதிலாக, டைட்டானியத்தின் மேல் உலோக ஆக்சைடு பூசிய முனைகளை இந்தியாவிலேயே செய்ய வழி கண்டது உங்கள் சிக்ரி.

பாதரசம் வெளியே கசிந்தால் கேடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா சாட்சி. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆலையிலிருந்து கடலுக்குப் போன பாதரசம் மீனுக்குள் சேர்ந்து, மீன் தின்ற மக்களின் நரம்பைத் தின்றது. அந்த ஊரின் பெயரிலேயே 2013-இல் உலக நாடுகள் பாதரச உடன்படிக்கை செய்தன. 2017-இல் அது நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர் அதே ஆண்டிலும் இந்தியா 2018-லும் ஏற்றுக்கொண்டன. நம் பக்கத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் புகாரால் 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. மண்ணுக்குள் போய்விட்ட பாதரசத்தை மலையிலிருந்து எடுப்பது எத்தனை பெரிய பாடு என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மேடும் அதே பாடத்தைச் சொல்கிறது.

இந்த ஊர்கள் எனக்குக் கற்றுத் தந்தது இதுதான்: நஞ்சை எடுக்க வேண்டிய இடம் தொட்டி. தொட்டிக்குள் இருக்கும்போது அதற்கு ஒரு விலாசம் உண்டு. எவ்வளவு இருக்கிறது, யார் பொறுப்பு என்று எல்லாம் தெரியும். தொட்டியைத் தாண்டி உரமாக, சாயமாக, கழிவாக வெளியே போய்விட்டால், ஏரியிலும் வயலிலும் தாயின் பாலிலும் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் ஆய்வெல்லாம் அந்த ஓட்டத்தை மிச்சம் பிடிப்பதற்குத்தான்.

சிங்கப்பூருக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். இடம் சின்னது, தண்ணீர் அதைவிடக் குறைவு. ஏழு சிறு தீவுகளைக் கடல்மண் கொட்டி இணைத்து ஜூரோங் தீவு என்று இரசாயனத் தொழிலுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 2000-இல் திறந்தது. அந்தப் பக்கம் அப்படி இருக்க, நான் குடியிருக்கும் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். தேக்காவில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாயில் இறங்கி, காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008-இல் மரினா தடுப்பணை திறந்த பிறகு அது குடிநீருக்கான நீர்த்தேக்கமாக மாறியது. பூக்கடை வாசலைக் கழுவிவிட்ட மழையும் ஒருநாள் குழாய்க்கு வரும் ஊர் இது. அதனால் கழிவுநீர் விதிகளும் கறார். ஆலைக் கழிவில் பாதரசம் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரை இருந்தால் சாக்கடைக் குழாயில் விடலாம். நீரோடையில் விட 0.05. குடிநீருக்குப் போகும் ஓடை என்றால் 0.001.

உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் சில்லுத் தொழிற்சாலைகள் வேறு இருக்கின்றன. சிலிக்கான் தகடுகளைக் கழுவக் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டும். அந்த அமிலத்தில் உலோகம் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் அவர்களுக்கு அது அழுக்கு அமிலம்தான். ஊர் நலத்துக்காகத் தூய்மை கேட்பவர் ஒருபுறம், லாபத்துக்காகத் தூய்மை கேட்பவர் மறுபுறம். எங்களுக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்கா நிரம்பி வழியும். ஜூரோங் தீவிலும் துவாஸிலும் வேலை செய்யும் தம்பிகள் ஊருக்குப் பணம் அனுப்பவும் பேசிக்கொள்ளவும் வருவார்கள். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்த பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர், அமிலக் குழாய்கள் பராமரிக்கும் வேலை என்றார்.

“லைனைத் தொறக்குறதுக்கு முன்னாடி பெர்மிட் வாங்கணும்கா. காலியா இருக்கான்னு செக் பண்ணுவாங்க, கழுவுனாங்களான்னு பாப்பாங்க. அதுக்கப்புறம்தான் போல்ட்ல கை வைக்கணும். அப்பவும் கடைசி போல்ட்டக் கழட்டும்போது ஒதுங்கித்தான் நிப்போம். உள்ள ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் மூஞ்சிதான்.”

என் வேலையைக் கேட்டார். சொன்னேன்.

“அந்த மெர்குரி கண்ணுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாது தம்பி.”

“எடுத்ததுக்கு அப்புறம் ஆசிட்டு வேற மாதிரி ஆயிருமா?”

“பாக்க அப்படியேதான் இருக்கும்.”

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “தெரியாததை எடுக்குறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்க பாருங்க, நல்ல ஊருதான்” என்றார். இருவரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. சால்மர்ஸில் ஒருவர் கட்டுரை எழுதுவார், நான் மேசையில் சோதிப்பேன். ஆனால் இந்த முறை ஒரு ஆலைக்குள் போய் நிற்கும் நாளில், அமிலம் ஓடும் குழாயை வெட்டி மின்முனைக் கலத்தைப் பொருத்தப் போவது இந்தத் தம்பி போன்ற ஒருவர்தான். கலத்தைக் கழற்றிப் பாதரசம் ஏறிய முனையை வெளியே எடுக்கப் போவதும் அவரேதான். ஆகவே உங்களுக்குச் சொல்லும் நன்றியில் ஒரு பங்கு அவருக்கும் சேர வேண்டும். சிக்ரியில் எனக்குக் கண்ணாடிக் கலம் ஊதிக் கொடுத்தவருக்கும், மின்முனையைக் கையில் தொடாதே என்று முதல் வாரத்தில் அதட்டிக் கற்றுக்கொடுத்த ஆய்வக உதவியாளருக்கும் சேர வேண்டும். இவர்கள் பெயர் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் வராது.

நீங்கள் இருந்திருந்தால், படித்த பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் என்ன எதிர்காலம் என்று கேட்டிருப்பீர்கள். இந்த மடலை உங்களோடு சேர்ந்து படிக்கும் பெற்றோர்களுக்கும் அதே கேள்வி இருக்கும். மருத்துவம், சட்டம், வங்கி, கணினி என்ற நாலு வாசலுக்கு முன்னால்தான் இங்கேயும் நம் பிள்ளைகளின் வரிசை நிற்கிறது. பக்கத்தில் திறந்திருக்கும் இந்த வாசலையும் காட்டிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு இரசாயனப் பொறியியல் படித்தவர்களுக்கே அளவாய்வுக் கூடங்களிலும் சோதனை ஆலைகளிலும் வேலை உண்டு. மேலே போக நினைத்தால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் முனைவர் பட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், உதவித்தொகையோடு. தமிழ்நாட்டில் சிக்ரியிலேயே இளநிலைப் பொறியியல் படிக்கலாம். அறிவியல் படித்தவர் தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளரானால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. சுவீடனில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியராகவே நடத்தப்படுகிறார்.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் முடிந்த பிறகு சில ஆண்டுகள் ஒப்பந்த வேலைதான். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் தூக்கம் வராது. மேசையில் நடந்த சோதனை ஆலையில் நடக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. ஒரு லிட்டரில் சாதித்ததை ஒரு டன்னில் சாதிக்கக் காசும் காலமும் வேண்டும். ஓடும் ஆலையை உங்கள் கலத்துக்காக நிறுத்தச் சொன்னால் மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிளாட்டினத்தின் விலையைக் கேட்டதும் கணக்கு அலுவலர் எழுந்தே போய்விடுவார். வேதியியல் மட்டும் தெரிந்தவருக்கு இங்கே பாதி வேலைதான் தெரியும். குழாயும் பம்பும் தெரிய வேண்டும், விலைவாசி தெரிய வேண்டும், சுற்றுப்புறச் சட்டம் தெரிய வேண்டும். தொழிலாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரிய வேண்டும்.

பாராட்டும் அவ்வளவாகக் கிடைக்காது. மருத்துவர் குணப்படுத்திய நோயாளி வந்து கும்பிடுவார். வராமலே போன நோய்க்கு யார் வந்து கும்பிடப் போகிறார்கள்? நாங்கள் எடுத்த ஒரு கிராம் பாதரசத்தால் எந்த ஊரில் எந்தக் குழந்தை தப்பித்தது என்று ஒருநாளும் தெரியாது. அதற்காகவே இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் எதிர்பார்க்காமல் செய்யும் காரியத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியை நீங்கள் எனக்கு முன்பே அறிந்தவர் என்று நினைக்கிறேன். பலன் கண்ணுக்குத் தெரியாத துறைக்கு 300 ஏக்கர் எழுதிக் கொடுத்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

சிங்கப்பூருக்கும் உங்கள் நகரத்தார் சமூகத்துக்கும் உள்ள பழக்கம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. டாங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் 1859-இல் கட்டினார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்று அழைத்த வணிகக் கூடங்களில், கணக்குப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். கிட்டங்கிகள் போய் அந்த இடத்தில் வானுயர்ந்த கட்டடங்கள் வந்துவிட்டன. கோயில் நிற்கிறது, கொடுக்கும் கையும் இருக்கிறது. திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் இங்கே ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

அந்தக் கைகளிடம் உங்கள் பெயரைச் சொல்லி ஒன்று கேட்கிறேன். ஒரு மாணவர் ஆய்வு முடிக்கும்வரை தாங்குவதற்கு ஓர் அறக்கட்டளை வையுங்கள். பழைய கருவி ஒன்றைப் புதுப்பிக்கச் செலவு செய்யுங்கள். தொழிற்கல்லூரியில் படிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் ஆய்வகம் பார்க்க வழி செய்யுங்கள். 15 லட்சமும் 300 ஏக்கரும் எல்லோராலும் முடியாது. ஒரு பிளாட்டின முனையின் விலை பலரால் முடியும். கல்வெட்டில் பெயர் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பங்குக்கு, ஊருக்குப் போகும்போதெல்லாம் சிக்ரி மாணவர்களோடு உட்கார்ந்து ஆலைக் கதைகளைப் பேசுகிறேன். இங்கே என் மேசைக்குக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளை அவர்கள் வாங்கிய மதிப்பெண் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறேன். முதல் நாள் அவர்கள் கையில் கொடுப்பது ஒரு புட்டி அமிலமும் ஒரு கேள்வியும்: இதில் என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

நகரத்தார் கணக்கில் ஐந்தொகை போடும்போது, கொடுத்தது ஒரு பக்கமும் வந்தது ஒரு பக்கமும் நேராக வந்தால்தான் ஏட்டை மூடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். உங்கள் ஏட்டில் சிக்ரிக்குக் கொடுத்தது எழுதியிருக்கும். வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். இந்த மடலைப் படித்துவிட்டு ஒரு பெண்ணோ பையனோ இந்தத் துறைக்கு வந்தால் அதையும் அங்கே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு நேராக இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.



காரைக்குடியில் படித்து
சிங்கப்பூரில் வேலை பார்க்கும்
ஒரு மின்வேதியியல் ஆய்வாளர்